கித்தா வண்டியா, உடும்பா, ஆறுகாலா: எங்கள் போருக்கு எது?

மலேசியாவின் சிலிம் ரிவரில் நவம்பர் மழை தொடங்கிவிட்டால் காலை ஆறரை மணிக்குப் பட்டறை வாசலில் ஒரே பேச்சுதான்: எந்த வண்டி செம்பனைக் காட்டுக்குள் போகும், எது போய்ச் சிக்கும். நான் தோட்டத்துப் பட்டறையில் ஃபோர்மேன். டிராக்டர், டிரேலர், குலை தூக்கும் மினி டிராக்டர், கான் (வடிகால்) வெட்டும் குட்டி எக்ஸ்கவேட்டர் எல்லாம் என் கைக்கு வந்துதான் போகும். அதனால்தான் அக்கா மகன் தன் சித்திரக்கதைத் தாள்களை என்னிடம் தூக்கிக்கொண்டு வந்தான்.

கதை வேறொரு கோளில் நடக்கிறது. ஓயாத மழை, சிவப்பு மண், வரிசை வரிசையாகப் பால் வடிக்கும் மரங்கள். அந்தப் பாலுக்காகக் கப்பலில் ஏற்றி வரப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இப்போது "இது எங்கள் மண்" என்கிறார்கள். ஏற்றி வந்த கம்பெனி படையோடு திரும்பி வருகிறது. தோட்டத்து மக்களின் படைக்கு ஆள் ஏற்றும் கவச வண்டி ஒன்று வேண்டும். முன்னால் டயர், பின்னால் சங்கிலிப் பட்டை வைத்த ஹாஃப் டிராக் இரண்டை அவன் வரைந்திருந்தான். போட்டிக்கு ஓர் ஆறு சக்கர வண்டியும் இருந்தது. உடும்பு, கித்தா (ரப்பர்) வண்டி, ஆறுகால் என்று பெயரும் வைத்துவிட்டான். "மாமா, இதுல எது உண்மையாவே ஓடும்?" என்று கேட்டான்.

மூன்றுக்கும் நிஜ உலகில் முன்னோர்கள் உண்டு. உடும்பு ஜெர்மனியின் 251 வகை ஹனோமாக் வண்டியைப் பார்த்து வரைந்தது. கித்தா வண்டி அமெரிக்காவின் எம்3. ஆறுகால் பிரிட்டனின் சாரசன். அவற்றை வைத்தே அளந்து பார்த்தோம்.

அதற்கு முன் ஒரு கேள்வி. விண்கப்பல் பறக்கிற காலத்தில் ஹாஃப் டிராக் எதற்கு? ரஷ்யப் பேரரசர் இரண்டாம் நிக்கோலஸின் கார் கொட்டகையில் வேலை பார்த்த அடால்ஃப் கெக்ரெஸ் என்ற பிரெஞ்சுக்காரர், பனியில் ஓடுவதற்காகக் காரின் பின்சக்கரங்களை எடுத்துவிட்டு ரப்பர் பட்டை மாட்டினார். பிறகு சிட்ரோயன் கம்பெனிக்கு வந்து சேர்ந்தார். அவருடைய பட்டை போட்ட கார்கள் 1922 கடைசியில் கிளம்பி 1923 தொடக்கத்தில் சஹாராவைக் கடந்தன. இரண்டாம் உலகப் போர்தான் இந்த வகையின் பொற்காலம். அதன்பின் முழுச் சங்கிலி வண்டிகளும் நல்ல பல சக்கர வண்டிகளும் வந்து இதை ஓரங்கட்டின. பொறியியல் கணக்கு மட்டும் பார்த்தால் ஹாஃப் டிராக்குக்கு இன்று இடமில்லை. ஆனால் அவன் கதையில் இருப்பது கூடிச் சேர்ந்த படை. அதில் டாங்கி ஓட்டுநர் ஒருவரும் கிடையாது, லோரி ஓட்டுநர்கள்தான் இருக்கிறார்கள். ஸ்டியரிங், கிளட்ச், கியர் தெரிந்த ஆள் ஏறி உட்கார்ந்து ஓட்டக்கூடிய, சேற்றிலும் போகக்கூடிய வண்டி என்றால் அது ஹாஃப் டிராக். இந்த வண்டியின் நியாயமே அதை ஓட்டப்போகிற ஆள்தான். நான் மூன்றையும் அந்தக் கண்ணால்தான் பார்த்தேன்.

(தரையில் படாமல் மிதந்து போகும் வண்டி ஒன்றும் பென்சிலில் இருந்தது. மிதந்து போனால் சேறு இல்லை, சேறு இல்லாவிட்டால் அந்தக் கோளே கதைக்குத் தேவையில்லை. அழித்துவிட்டான்.)

சரி, உடும்பு. அழகு என்று பார்த்தால் மூன்றில் இதுதான். சாய்த்து வைத்த கவசத் தகடு, ஓட்டுநரும் தளபதியும் போகப் பின்னால் 10 பேர். இதன் முன்னோரை ஜெர்மானியர்கள் 15,000-க்கு மேல் செய்தார்கள். 100 குதிரைத்திறன் மேபாக் எஞ்சின், எட்டு டன்னுக்குக் கொஞ்சம் குறைவான எடை, மணிக்கு 50 கிலோமீட்டரை ஒட்டிய வேகம். பட்டை நீளமானது என்பதால் பாரம் நன்றாகப் பரவும். ஸ்டியரிங்கைக் கொஞ்சம் திருப்பினால் முன்சக்கரம் மட்டும் திரும்பும், இன்னும் ஒடித்தால் உள்பக்கப் பட்டைக்குத் தானாகவே பிரேக் விழுந்து வண்டி சுருக்கென்று வளையும். ஒரு லோரி ஓட்டுநர் புதிதாக எதையும் கற்காமலே சங்கிலி வண்டியின் திருப்பம் அவர் கைக்கு வந்துவிடுகிறது. அந்த மூளையை நான் கும்பிடுகிறேன்.

அப்புறம் ஏன் வேண்டாம் என்கிறேன்? முதல் காரணம், முன்சக்கரத்துக்கு எஞ்சின் சக்தி போகாது. அது திரும்ப மட்டும்தான் செய்யும். கானுக்குள் மூக்கு இறங்கிவிட்டால் முன்சக்கரம் தடையாக நிற்கும், பின்பட்டை தள்ளத் தள்ள மூக்கு இன்னும் புதையும். முன்பக்கம் இழுக்காத டிராக்டரை மழைநாளில் காட்டுக்குள் விட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இரண்டாவது காரணம் அதன் சக்கரங்கள். பட்டைக்குள் இருக்கும் சக்கரங்களை ஒன்றுக்குள் ஒன்று புகுந்தாற்போல அடுக்கியிருப்பார்கள். பாரம் சீராகப் பரவும், ஓட்டம் குலுங்காமல் இருக்கும். ஆனால் உள்வரிசைச் சக்கரம் ஒன்று கெட்டால் அதன்மேல் ஏறி நிற்கும் வெளிச்சக்கரங்களை முதலில் கழற்ற வேண்டும். இதைவிடப் பெரிய தொல்லை சேறு. அக்கா மகனிடம் இந்த வண்டியின் பிளாஸ்டிக் மாதிரி ஒன்று இருக்கிறது, சக்கரமெல்லாம் சுழலும். ஒருநாள் சாயங்காலம் பட்டறைக்குப் பின்னால் கான் ஓரத்துச் செம்மண் சேற்றில் அதைத் தள்ளித் தள்ளி ஓட்டினோம். நாலைந்து முறை போய்வருவதற்குள் சக்கர இடுக்கெல்லாம் அடைந்துவிட்டது. கழுவாமல் ஜன்னல் விளிம்பில் வைத்தோம். மறுநாள் காலையில் விரலால் தள்ளிப் பார்த்தேன். ஒரு சக்கரமும் அசையவில்லை, சேறு செங்கல்லாக இறுகியிருந்தது. ரஷ்யக் குளிர்காலத்தில் இப்படித்தான் இரவில் சேறு சக்கர இடுக்கில் உறைந்து, காலையில் இந்த மாதிரி வண்டிகள் நகர மறுத்தன. அந்தக் கோளில் மழை கொஞ்சம் விட்ட ஒரு பகல் போதும், உடும்பு பிடித்த பிடியில் நின்றுவிடும்.

மூன்றாவதாக, அதன் பட்டை எஃகுக் கண்ணிகளால் ஆனது. கண்ணிகளை இணைக்கும் முளைகள் ஊசி பேரிங்கில் ஓடும், அவற்றுக்குத் தனித்தனியாக மசகு வேண்டும். நன்றாகப் பராமரித்தால் ராஜா மாதிரி ஓடும். பராமரிக்க யார் இருக்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

கித்தா வண்டிக்கு வருகிறேன். ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், என் மனம் முதலிலேயே இதன் பக்கம் சாய்ந்திருந்தது. காரணம் பெயரிலேயே இருக்கிறது. எம்3-இன் பட்டை கண்ணி கோத்த சங்கிலி கிடையாது. எஃகுக் கம்பி வடத்தை உள்ளே வைத்து, மேலே ரப்பரை வார்த்து, தொடக்கமும் முடிவும் இல்லாத ஒரே வளையமாகச் செய்தது. எங்கள் குட்டி எக்ஸ்கவேட்டரின் பட்டையும் அதே வழியில் செய்ததுதான். போன மாதம் ஒரு பட்டை கிழிந்து பட்டறைக்கு வந்தது. கிழிந்த வாயில் எஃகு இழைகள் தேய்ந்த விளக்குமாற்றுக் குச்சிகள் போல நீட்டிக்கொண்டிருந்தன, சுற்றிலும் கறுப்பு ரப்பர் உதிர்ந்தது. அக்கா மகனின் விரலைப் பிடித்து அந்த இழைகளின்மேல் வைத்தேன். "இதுதான் உன் வண்டி" என்றேன்.

இன்னொன்றும் அவனிடம் சொன்னேன். போருக்கு முன் அமெரிக்காவுக்குப் போன இயற்கை ரப்பரில் பத்தில் ஒன்பது பங்கு நம் வட்டாரத்திலிருந்துதான் போனது. 1942-இல் ஜப்பான் மலாயாவைப் பிடித்ததும் அது நின்றுபோய், செயற்கை ரப்பர் ஆலைகளை அவசர அவசரமாகக் கட்டினார்கள். 1941-இல் வார்த்த முதல் பட்டைகளில் நம் ஆட்கள் இருட்டோடு எழுந்து வெட்டிய பால் கலந்திருக்கும் என்றே நான் நம்புகிறேன். பால் வெட்டுகிற மக்களின் படைக்கு, அவர்கள் வெட்டிய பாலிலேயே பட்டை. இதைவிடப் பொருத்தமான வண்டியை யார் வரைய முடியும்?

பாசத்தைத் தள்ளிவைத்துப் பார்த்தாலும் கணக்கு இதன் பக்கம்தான் நிற்கிறது. முன்சக்கரமும் இழுக்கும். ஏறக்குறைய ஒன்பது டன் எடைக்கு 147 குதிரைத்திறன், சாலையில் மணிக்கு 72 கிலோமீட்டர். 13 பேர் ஏறலாம். மூக்கில் ஓர் உருளை உண்டு. கானுக்குள் மூக்கு இறங்கினால் உருளை எதிர்க்கரையில் மோதி உருண்டு, வண்டியை மேலே ஏற்றிவிடும். சில வண்டிகளில் உருளைக்குப் பதிலாக, கம்பி வடத்தைச் சுற்றி இழுக்கும் வின்ச் இருக்கும். நாலு அடிக்கு ஒரு கான் ஓடுகிற பூமியில் அந்த உருளைக்காகவே நான் ஓட்டுப் போடுவேன். இந்த வகைகளை அமெரிக்கர்கள் 50,000-க்கு மேல் செய்து குவித்ததற்கும் காரணம் உண்டு. எஞ்சின், கியர், முன் அச்சு எல்லாமே லோரித் தொழிற்சாலைகளின் வழியில் வந்தவை.

குறைகளும் இருக்கின்றன. பட்டைக்குத் தனிப் பிரேக் போட்டுத் திரும்புகிற வித்தை இதில் இல்லை, முன்சக்கரம் திரும்புகிற அளவுக்குத்தான் வண்டி வளையும். செம்பனை வரிசைகளுக்கு நடுவே அது பெரிய இடைஞ்சல். ரப்பர் வளையம் ஒருமுறை அறுந்தால் ஒரு கண்ணியை மட்டும் மாற்றி ஓட்டிவிட முடியாது, முழு வளையத்தையே மாற்ற வேண்டும். கூரை கிடையாது. கவசமும் மெல்லியது, பக்கத் தகடு 6 மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். அதனால் அதில் போன வீரர்களே, போரில் காயம்பட்டவர்களுக்குத் தரும் பதக்கத்தின் பெயரைச் சேர்த்து அதை "பர்ப்பிள் ஹார்ட் பெட்டி" என்று அழைத்தார்கள்.

ஆறுகாலை அலட்சியமாகத் தள்ள முடியாது. உள்ளே இருப்பவர்களுக்கு மூன்றில் அதுதான் நல்ல வீடு. மூடிய கூரை, 16 மில்லிமீட்டர் வரை கவசம், ஆறு சக்கரமும் இழுக்கும். கண்ணிவெடியில் ஒரு சக்கரம் போனாலும் மீதியில் ஓடி வந்துவிடும். ஆனால் ஆறு சக்கரத்துக்கும் சக்தியைக் கொண்டுபோகிற தண்டுகளையும் பற்சக்கரப் பெட்டிகளையும் எண்ணிப் பார்த்தால் எனக்குக் கை நடுங்குகிறது. தோட்டத்துப் பட்டறையில் வைத்துச் செய்கிற வேலை இல்லை அது.

அதைவிட முக்கியமாக ஒன்று. சாரசனை பிரிட்டன் அவசரப்பட்டுக் களத்தில் இறக்கியதே, கம்யூனிஸ்ட் கொரில்லாக்களை எதிர்த்து அது நடத்திய மலாயா அவசரகாலப் போருக்காகத்தான். என் பாட்டி அந்தக் காலத்தில் முள்கம்பி வேலிக்குள் குடியிருந்தவர். கவச வண்டி என்றால் அவருக்கு வேலிக்கு வெளியே நிற்பது, உள்ளே பார்ப்பது. அதனால் அக்கா மகனிடம், "ஆறுகாலைத் தூக்கிப் போடாதே, கம்பெனிப் படைக்குக் கொடு" என்றேன். சாலையை விட்டு இறங்கத் தேவையில்லாதவனின் வண்டி அது. எங்கள் ஊரிலேயே 1942 ஜனவரி 7 விடிவதற்கு முன், துரோலாக் பக்கமிருந்து ஜப்பானிய டாங்கிகள் பெருஞ்சாலை வழியாகத்தான் உருண்டு வந்தன. சாலையை நேராக்கியபோது கைவிட்ட பழைய வளைவுகளில் புகுந்து, தடுப்பு போட்டுக் காத்திருந்தவர்களைச் சுற்றிக்கொண்டு போய்விட்டன. சாலை அவன் கையில் இருக்கிறபோது, நம் ஆட்கள் மரவரிசைக்குள் இறங்கி ஓடியாக வேண்டும்.

கடைசியில் இப்படி முடிவானது. தோட்டத்துப் படைக்குக் கித்தா வண்டி. திரும்புவதற்கு மட்டும் உடும்பின் பட்டைப் பிரேக்கை அதில் எடுத்து வைத்துக்கொள்ளலாம், கதையில் அந்த உரிமை நமக்கு உண்டு. முன்னால் உருளை கட்டாயம். பக்கவாட்டில் மாற்றுப் பட்டை ஒன்றைச் சுருட்டித் தொங்கவிடலாம், ஒரு குண்டையாவது அது தாங்கும். மழைக்கு மேலே கேன்வாஸ்.

அவன் கவசத்தைத் தடிமனாக்கப் பார்த்தான். நான் விடவில்லை. எடை கூடினால் சேற்றில் நிற்கும், அது ஒன்று. அந்த மக்களிடம் தடித்த தகடு எங்கிருந்து வரும், அது இன்னொன்று. "தகடு மெல்லிசாவே இருக்கட்டும். முதல் குண்டு எங்க பூந்துச்சு, அங்க யார் உட்கார்ந்திருந்தாங்கன்னு வரை" என்றேன். இரண்டு நாள் கழித்துத் தாளைக் கொண்டு வந்தான். வண்டிக்குள் இரண்டு பக்கமும் ஆட்கள் குனிந்து உட்கார்ந்திருக்கிறார்கள். பக்கத் தகட்டில் சுண்டுவிரல் நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை. அதன் வழியாக வெளிச்சம் நேர்க்கோடாக விழுந்து, காலியாக இருக்கும் ஓர் இடத்தில் பால் வாளியின்மேல் நிற்கிறது.