எப்சன் வி600 ஸ்கேனர்: எல்லையோரத்துப் பழைய குடும்பப் படங்களுக்குச் சரிப்படுமா?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழக எல்லையோரம் உள்ள கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதிப் பக்கத்துத் தமிழ் வீடுகளில் பரண்மேல் கிடக்கும் படங்களைப் பெரும்பாலும் மூன்று காலமாகப் பிரித்துவிடலாம். ஐம்பது, அறுபதுகளில் ஸ்டுடியோக்காரர்கள் 120 என்னும் அகல ரோல் பிலிமில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள் ஒரு வகை: கரிசல் காட்டில் கடலைக்காய் பறிப்பு, கிணற்றில் கவலை ஓட்டி நீர் இறைக்கும் மாடுகள், களத்தில் வரிசையாக நிற்கும் கூட்டுக் குடும்பம். எழுபது, எண்பதுகளின் கலர் பிரிண்ட்கள் இன்னொரு வகை. மூன்றாவது 1995. 73-வது அரசியல் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு கேரளத்தில் நடந்த முதல் ஊராட்சித் தேர்தல் அது. மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு என்றானதும், அதுவரை காடுகரை, மாடுகன்று என்று இருந்தவர்கள் தலைவிகளாகப் பதவியேற்றார்கள். அந்தப் படங்களுக்கு 35 மி.மீ. கலர் நெகட்டிவும் கூடவே கிடைக்கும்.

1957-ல் கேரள வருவாய்த்துறை அமைச்சரான கே.ஆர்.கௌரியம்மாவுக்குப் பத்திரிகைப் படங்கள் ஏராளம். ஊராட்சித் தலைவிக்கு வீட்டு ஆல்பத்தை விட்டால் வேறு நாதி இல்லை. கனடாவின் ஆல்பர்ட்டாப் புல்வெளியில் விவசாயக் குடும்பத்திலிருந்து 1917-ல் சட்டமன்றம் போன லூயிஸ் மெக்கின்னி, அதே மாகாணத்தில் 1921-ல் அமைச்சரான ஐரீன் பார்ல்பி ஆகியோரைப் பற்றிப் படிக்கும்போதும் பண்ணையும் பதவியும் ஒன்றாகத்தான் கண்முன் வருகின்றன. நம் ஊர்த் தலைவிகளின் ஆல்பத்திலும் அப்படியே: மாலை போட்ட படத்துக்கு அடுத்த பக்கத்தில் சோளத்தட்டுப் போர் நிற்கும். இரண்டையும் பிரிக்காமல் காப்பாற்ற எப்சன் பெர்ஃபெக்‌ஷன் வி600 எவ்வளவு தூரம் உதவும் என்பதே இங்கே பேச்சு.

முதலில் வாங்குவதா வேண்டாமா என்பதைச் சொல்லிவிடலாம். வீட்டில் நெகட்டிவ் இருந்தாலோ, கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட பிரேம் படங்கள் இருந்தாலோ வி600 வாங்குங்கள். தட்டையான பிரிண்ட் மட்டும்தான் என்றால் கேனான் லைடு 400 ஸ்கேனர் போதும். விலை பல மடங்கு குறைவு, எடை 1.7 கிலோ, யுஎஸ்பி கேபிளிலேயே ஓடும். ஆல்பத்தை வெளியே தரமாட்டேன் என்கிற பாட்டி வீட்டுத் திண்ணைக்கே கொண்டுபோய்விடலாம். வி600 நான்கு கிலோவுக்கு மேல். தனி அடாப்டரும் பிளக் பாயிண்டும் வேண்டும்.

அந்தக் கூடுதல் விலை எதற்கென்றால், உள்ளே இருக்கும் சென்சாருக்கும், நெகட்டிவின் ஊடே ஒளி பாய்ச்ச மூடியில் இருக்கும் விளக்குக்கும்தான். லைடு வகையில் இருப்பது சிஐஎஸ் சென்சார். கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருப்பதை மட்டுமே கூர்மையாகப் பார்க்கும். 3 மி.மீ. விலகினாலே முகம் கரைந்துவிடும். வி600-ல் லென்ஸும் சிசிடி சென்சாரும் இருப்பதால் கொஞ்சம் உயரத்தில் உள்ளதும் தெளியும். தென்மேற்குப் பருவ ஈரத்தில் படத்தின் ஜெலட்டின் ஊறி, பிரேம் கண்ணாடியோடு ஒட்டிப்போவது இங்கே சர்வ சாதாரணம். அதைப் பிய்த்தால் முகம் கண்ணாடியிலேயே நின்றுவிடும். பின்னட்டையையும் சட்டத்தையும் மட்டும் கழற்றி, கண்ணாடியின் இரு பக்கத்தையும் உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியால் துடைத்து (படம் ஒட்டிய பகுதியைத் தொடாமல்), கண்ணாடி கீழே இருக்கும்படி வைத்து 600 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) எடுங்கள். சற்று மென்மையாக வந்தாலும் ஆளை அடையாளம் தெரியும்.

நெகட்டிவ் விஷயத்தில் பெட்டியில் போட்டிருக்கும் 6400 டிபிஐ என்ற எண்ணை நம்ப வேண்டாம். இந்தக் கருவி உண்மையில் பிரித்துக் காட்டும் நுணுக்கம் அதில் பாதிகூட வராது. 6×9 செ.மீ. நெகட்டிவை 6400-ல் எடுத்தால் 16 பிட் கறுப்பு வெள்ளைக் கோப்பு 600 எம்பி சுற்றி வரும். 2400-ல் எடுத்தால் 84 எம்பிதான், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. 35 மி.மீ.க்கும் 2400 போதும், பெரிதாக அச்சிடுவதானால் 3200.

மூடியின் உள்பக்கத்து வெள்ளைப் பலகையைக் கழற்றினால்தான் பிலிமுக்கான விளக்கு எரிந்து பயன்படும். அதை மறந்தால் வெறும் கறுப்புதான் வரும். பிலிமின் பளபளப்புப் பக்கம் கீழே இருக்கட்டும். கண்ணாடியின் தலைப்பகுதியில் கருவி தன்னைச் சரிபார்த்துக்கொள்ளும் இடத்தை எதுவும் மறைத்துவிட்டால் படம் முழுக்கக் கோடு விழும். பெரிய குறை பிலிம் ஹோல்டர்: லேசான பிளாஸ்டிக், உயரம் மாற்ற வழியில்லை. சுருண்ட 120 பிலிம் நடுவில் தொய்ந்து கண்ணாடியைத் தொட்டால் எண்ணெய்த்திரை போல வளையங்கள் வரும். ஒரு வாரம் கனமான புத்தகங்களுக்கிடையே அமிலமற்ற தாளில் வைத்து நேராக்கிவிட்டுத் தொடங்குவது நல்லது.

டிஜிட்டல் ஐஸ் என்ற தூசி நீக்கும் வசதிக்காகவே பலர் இதை வாங்குகிறார்கள். 1995-ன் கலர் நெகட்டிவுக்கு அது அருமையாக வேலை செய்கிறது. கறுப்பு வெள்ளை நெகட்டிவுக்குப் போடவே கூடாது. அது அகச்சிவப்பு ஒளியால் தூசியைக் கண்டுபிடிக்கிறது. கறுப்பு வெள்ளைப் பிலிமில் உருவமே வெள்ளித் துகள்தான், அதுவும் அந்த ஒளியை மறைக்கும். ஆகவே கருவி மூக்குத்தியையும் மாட்டுக் கொம்பையும் தூசி என்று நினைத்து வழித்துவிடும். பிரிண்ட்டுக்கும் இந்த வசதி உண்டு. நேரம் பல மடங்கு இழுக்கும், நுணுக்கமும் போகும். பிரிண்ட்டின் மூலப்பிரதி எடுக்கும்போது அணைத்தே வையுங்கள்.

கலர் மீட்பு என்ற பொத்தானிலும் எச்சரிக்கை தேவை. பழைய கலர் பிரிண்ட்கள் இருட்டிலேயே இருந்தாலும் சியான் (நீலப்பச்சை) சாயம் வெளிறிச் சிவந்துபோகும். அந்தப் பொத்தான் சிவப்பைக் கண்டபடி குறைக்கும். அரக்குச் சேலை பழுப்பாகும். அதைவிட மோசம், தோளில் கிடக்கும் கட்சித் துண்டின் நிறமும் மேடையின் கொடியும் மாறிவிடும். அரசியல் படத்தில் அது வரலாற்றையே திரிப்பது. முதலில் எந்தத் திருத்தமும் இல்லாமல் 48 பிட் கலரில் டிஃப் (TIFF) என்னும் தரம் குறையாத கோப்பாகச் சேமியுங்கள். நிறம் திருத்துவதெல்லாம் அதன் நகலில்.

சில பிரிண்ட்களுக்கு எந்தத் தட்டை ஸ்கேனரும் ஆகாது. நிழல் பகுதிகளில் நீலக் கண்ணாடி போல வெள்ளி பூத்த படங்கள் பாலாடை படர்ந்ததுபோல வரும். அவற்றைக் கேமராவில், விளக்குக்கும் லென்ஸுக்கும் போலரைசர் (பளபளப்பை வெட்டும் வடிகட்டி) போட்டுத்தான் எடுக்க வேண்டும். எண்பதுகளின் தேன்கூட்டுச் சொரசொரப்புத் தாளில் புள்ளி புள்ளியாக மின்னும். படத்தை 180 பாகை திருப்பி இரண்டாம் முறை எடுத்து, இரண்டையும் மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்று வைத்துச் சராசரி எடுத்தால் பெருமளவு அடங்கும்.

அளவும் ஒரு தடைதான். கண்ணாடி 216 × 297 மி.மீ. மட்டுமே. ஊராட்சி உறுப்பினர்கள் எல்லோரும் நிற்கும் 10×12 அங்குல அட்டைப் படம் உள்ளே போகாது. இரு பாதியாக, நடுவில் 4 செ.மீ. பொதுவாக விட்டு எடுத்து இணைக்கலாம். அட்டை வளைந்திருந்தால் மூடியால் அழுத்தாதீர்கள்; நொறுங்கும்.

ஸ்கேனர் மென்பொருளின் தொழில்முறைப் பக்கத்தில் அன்ஷார்ப் மாஸ்க் (செயற்கையாகக் கூர்மையாக்கும் வசதி), தூசி நீக்கம் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். சிறுபட முன்னோட்டம் ஓரங்களை வெட்டும். ஓரத்தில் நிற்கும் பண்ணையாளும் பிள்ளைகளும்தான் முதலில் காணாமல் போவார்கள். சாதாரண முன்னோட்டத்தில் கையால் கட்டம் வரையுங்கள். படத்தின் பின்பக்கத்தையும் 300 டிபிஐ-யில் எடுங்கள். தமிழிலும் மலையாளத்திலுமாக இருக்கும் ஸ்டுடியோ முத்திரை, தேதி, பெயர்கள் அங்கேதான் இருக்கின்றன. புதிதாக எழுதுவதானால் 4பி பென்சில்; பால்பாயிண்ட் பேனா முன்பக்கம் வரை பதியும்.

மழைக்காலத்தில் ஸ்கேனர் கண்ணாடியின் உள்பக்கம் மெல்லிய புகைப்படலம் படிவதும் உண்டு. ஸ்கேனில் கறுப்புகள் வெளிறத் தொடங்கினால் அது காரணமாக இருக்கலாம். கருவியைக் காற்றாட வைக்க வேண்டாம். சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு பெட்டியில் மூடி வையுங்கள்.