லண்டன் படப்பிடிப்புக்கு உள்ளூர் லைட் ஆட்கள்: மூன்று வழிகளும் எங்கள் மதிப்பீடும்

லண்டனில் ஒரு பாடலோ சில நாள் காட்சிகளோ எடுக்கப் போகும் தமிழ் யூனிட், லைட்மேன் குழு முழுவதையும் சென்னையிலிருந்து கூட்டிப் போவது அரிது. விசா, டிக்கெட், தங்கும் செலவு எல்லாம் கூட்டினால் கட்டுப்படியாகாது. கேமராமேன், உதவியாளர்கள், அவர் மனசறிந்த ஒரு லைட்மேன் போவார்கள். மீதிப் பேரை அங்கே எடுக்க வேண்டும். அதற்கு மூன்று வழிகள் உண்டு: ஆட்களின் தேதிகளைப் பார்த்து வேலைக்கு அனுப்பும் டைரி சர்வீஸ் என்ற ஏஜென்சி, கேஃபரை (லைட் குழுத் தலைவர்) நேரடியாகப் பிடிப்பது, லைட் வாடகைக்குத் தருபவர்களிடமே ஆட்களையும் கேட்பது.

எந்த வழியில் போனாலும் வரிசை ஒன்றுதான்: முதலில் கேஃபர், பிறகு லொகேஷன் பார்ப்பது, அதன் பிறகே லைட் லிஸ்ட். சென்னையில் லைட் வாடகைக்குத் தரும் அவுட்டோர் யூனிட்டிடம் சொல்லிவிட்டால் லைட்டோடு ஆளும் வந்துவிடும். அந்தப் பழக்கத்தில் லண்டன் வாடகைக் கம்பெனிக்கு முதலில் லிஸ்ட்டை அனுப்பிவிட்டு, கடைசி வாரத்தில் "நாலு ஆள் வேண்டும்" என்று கேட்பவர்கள்தான் அதிகம் சிரமப்படுகிறார்கள். லிஸ்ட்டில் உள்ள லைட்டுக்கு ஷூட்டிங் நடக்கும் வீட்டில் போதுமான கரன்ட் இருக்கிறதா என்று அதுவரை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

நேரடியாகக் கேஃபரைப் பிடிப்பதற்கு எங்கள் மதிப்பெண் ஐந்துக்கு நாலரை. அவர் தனக்குப் பழகிய பெஸ்ட் பாய் என்ற துணைத் தலைவரையும் எலக்ட்ரீஷியன்களையும் கூட்டி வருவார். அந்த எலக்ட்ரீஷியன்களை அங்கே ஸ்பார்க் என்பார்கள். பலரிடம் சொந்த வேனும், ஸ்கைபேனல், ஆஸ்டெரா டியூப் போன்ற எல்இடி லைட்டுகள், ஸ்டாண்டு, கேபிள் என்று சொந்தச் சாமானும் இருக்கும். வேனில் என்னென்ன இருக்கிறது, எது தினவாடகையில் சேர்ந்தது, எதற்குத் தனிக் கட்டணம் என்பதை எழுத்தில் வாங்குங்கள். லொகேஷன் பார்க்கும் நாளுக்கும் அவருக்குச் சம்பளம் உண்டு. தயாரிப்பு மேனேஜர்கள் முதலில் வெட்டுவது அந்த நாளைத்தான். வெட்டவே கூடாத செலவு அது.

காரணம் கரன்ட். பிரிட்டனில் வீட்டு பிளக் 13 ஆம்பியர், 230 வோல்ட். ஒரு பிளக்கில் 3 கிலோவாட்டுக்குச் சற்றுக் குறைவாகவே எடுக்கலாம். ஆரி எம்18 என்ற ஹெச்.எம்.ஐ லைட், அதற்குக் கரன்ட்டைச் சீராக்கித் தரும் பல்லாஸ்ட் பெட்டியோடு சேர்த்து ஏறக்குறைய 2 கிலோவாட், அதனால் வீட்டு பிளக்கிலேயே எரியும். அதை நம்பி நாலு எம்18 சொல்லிவிடுவார்கள். ஆனால் ஒரு மாடியின் பிளக்குகள் பெரும்பாலும் 32 ஆம்பியர் பிரேக்கர் ஒன்றின் கீழ்தான் இருக்கும். நாலு எம்18 எரியும்போது யாராவது டீக்கு 3 கிலோவாட் கெட்டிலைப் போட்டால் 48 ஆம்பியர் ஆகிவிடும். பிரேக்கர் அந்த நொடியே விழாது. மெல்லச் சூடேறி, டேக்கின் நடுவில் விழும். அணைந்த ஹெச்.எம்.ஐ திரும்ப எரிந்து முழு வெளிச்சத்துக்கு வரக் கொஞ்ச நேரம் பிடிக்கும். நல்ல கேஃபர் வீட்டுக்குள் நுழைந்ததும் ஜன்னலைப் பார்ப்பதற்கு முன் ஃபியூஸ் போர்டைத் தேடுவார். எந்த பிளக் எந்த பிரேக்கரில் என்று குறித்து, சாப்பாட்டுக்காரர்களுக்கு வேறு லைன் ஒதுக்குவார். 4கே (4,000 வாட்) லைட்டுக்கு 32 ஆம்பியர் லைன் தனியாக வேண்டும். 18கே லைட் 80 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும், அதற்கு ஜெனரேட்டர்தான். ஜெனரேட்டர் தெருவில் நிற்க அந்தப் பகுதி கவுன்சிலிடம் பார்க்கிங் அனுமதி வாங்க வேண்டும். அதற்கும் நாள் பிடிக்கும்.

போர்டைத் திறந்து நேராக லைன் எடுத்துத் தரச் சொன்னால் செய்ய மாட்டார்கள். அதை அடம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தற்காலிக மின் இணைப்புகளுக்கு பிஎஸ் 7909 என்ற தரநிலை அங்கே உண்டு. அதன்படி ஒருவர் பொறுப்பேற்று, சோதித்து, சான்று எழுதுகிறார். லொகேஷன்காரர் அந்தத் தாளைக் கேட்கலாம். ஆளை உயரே தூக்கும் செர்ரி பிக்கர் வண்டியின் கூண்டில் லைட் ஏற்றினால், அதற்குப் பயிற்சி பெற்று ஐபாஃப் கார்டு வைத்திருப்பவர்தான் இயக்குவார். வெளியில் பயன்படுத்தும் வண்டிகளுக்குக் காற்று வேக வரம்பு பொதுவாக நொடிக்கு 12.5 மீட்டர். அதைத் தாண்டினால் இறக்கிவிடுவார்கள். வெளிச்சத்தை மென்மையாக்கும் துணி ஃபிரேமைக் கூண்டில் கட்டச் சொல்லாதீர்கள், அது பாய்மரமாக மாறிவிடும்.

டைரி சர்வீஸுக்கு மூன்றரை. உங்களுக்கு லண்டனில் யாரையும் தெரியாது என்றால் இதுவே பாதுகாப்பான வாசல். யார் எந்தத் தேதியில் காலி என்பது அவர்களுக்குத் தெரியும். ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றால் மாற்று ஆளை அனுப்புவார்கள். ஆனால் 'பென்சில்' முறையைப் புரிந்துகொள்ள வேண்டும். பென்சில் என்றால் தேதியைப் பிடித்து வைப்பது மட்டும்தான். வேறு கம்பெனி அதே ஆளை உறுதியாகக் கேட்டால் உங்களுக்குப் போன் வரும். அப்போதே உறுதி செய்ய வேண்டும், இல்லையென்றால் விட்டுவிட வேண்டும். உறுதி செய்த பிறகு ஷூட் தள்ளிப்போனால் ரத்துக் கட்டணம் உண்டு. ஹீரோ கால்ஷீட் கைக்கு வருமுன் உறுதி செய்யாதீர்கள். சம்பளம் கேட்கும்போது மூன்று கேள்விகளைச் சேர்த்துக் கேளுங்கள்: 12.07 சதவீத விடுப்பு ஊதியம் இதில் அடக்கமா, 20 சதவீத வாட் வரி சேருமா, லண்டனைச் சுற்றி ஓடும் எம்25 சாலைக்கு வெளியே போனால் பயணத்துக்கு என்ன? இவற்றை விட்டுவிட்டால் பில்லும் பட்ஜெட்டும் ஒட்டாது.

வாடகைக்காரர் வழியாக ஆள் எடுப்பதற்கு இரண்டரை. ஒரே பில், லைட் பழுதானால் மாற்று உடனே வரும் என்பவை நிஜமான வசதிகள். ஒருநாள் பேட்டிக்கோ சின்ன விளம்பரத்துக்கோ வேனும் ஒரு ஆளும் போதும். பாடலுக்குப் போதாது. அன்றைக்கு யார் காலியோ அவர்தான் வருவார். கேமராமேனின் மனசைப் படிக்க அவருக்கு நேரமும் இருக்காது. இன்ஷூரன்ஸ் தாள் கையில் வராமல் லைட்டைக் கிளப்ப விடமாட்டார்கள், இந்தியப் பாலிசி செல்லுமா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

வேலை முறையில் ஒரு நல்ல செய்தி. அமெரிக்காவில் லைட்டைத் தொடுபவர் வேறு, வெளிச்சத்தை மறைக்கும் கட்டரையும் துணி ஃபிரேமையும் பிடிக்கும் கிரிப் வேறு. பிரிட்டனில் கிரிப் என்றால் டாலி, கிரேன், கேமரா வேலை மட்டும். லைட்டும் கட்டரும் ஸ்பார்க் கையில்தான். நம் லைட்மேன்களும் அப்படித்தானே. அதனால் ஒரு கேஃபர், ஒரு பெஸ்ட் பாய், மூன்று ஸ்பார்க் இருந்தால் நடுத்தரப் பாடலைத் தாராளமாக எடுக்கலாம். எல்இடி நிறைய இருந்தால் டெஸ்க் ஆபரேட்டர் ஒருவரையும் சேருங்கள். அவர் டேப்லெட்டிலிருந்தே நிறத்தையும் அளவையும் மாற்றுவதால் ஏணி ஏறி இறங்கும் நேரம் மிச்சம். தெர்மாகோல் வேண்டுமென்றால் 8 அடிக்கு 4 அடி பாலி போர்டு என்று லிஸ்ட்டில் எழுதுங்கள்.

பத்து மணி நேர வேலை, ஒரு மணி நேரச் சாப்பாடு என்பது வழக்கமான நாள். வேலை முடிந்து மறுநாள் தொடங்குவதற்கு இடையில் 11 மணி நேர ஓய்வு சட்டத்திலேயே உண்டு. இரவு 12க்கு முடித்துவிட்டு காலை 7க்கு வரச் சொல்ல முடியாது. "இன்னும் ஒரே ஒரு ஷாட்" என்பது ஓவர்டைமாக ஒருமுறையும், மறுநாள் தாமதமாக இன்னொரு முறையும் வசூலாகும். இந்தக் கண்டிப்பு எங்களுக்குப் பிடித்திருக்கிறது. களைத்த ஆள் கையில் கேபிளும் ஏணியும் இருப்பது ஆபத்து.

தேதி குறிக்கும்போது சூரியனையும் பாருங்கள். டிசம்பர் கடைசியில் லண்டனில் பகல் எட்டு மணி நேரம்கூட இல்லை. ஜூனில் இரவு பத்து மணிக்குப் பிறகுதான் வானம் இருட்டும், நாலு மணிக்கு வெளுத்துவிடும். ஜூனில் இரவுப் பாடல் வைத்தால் லைட் கட்டும் வேலையை வெளிச்சத்திலேயே முடிக்கும்படி ஸ்பார்க்குகளை மாலை ஏழு மணிக்கு வரச் சொல்லுங்கள், நடிகர்களை ஒன்பதரைக்கு.