பெற்ற இரட்சிப்பை இழக்க முடியுமா? தாவீதை முன்வைத்து நான்கு பதில்கள்

இரட்சிப்பைப் பற்றிய கேள்விகளில் அதிகக் கண்ணீரோடு கேட்கப்படுவது இதுதான். வேதபாட வகுப்பில் கேட்டால் ஒருவர் யோவான் 10:28ஐ எடுப்பார்: "ஒருவனும் அவைகளை என் கையிலிருந்து பறித்துக்கொள்வதுமில்லை." இன்னொருவர் எபிரெயர் 6ஐத் திறப்பார். பரிசுத்த ஆவியைப் பெற்றும் "மறுதலித்துப்போனவர்கள்" அங்கே இருக்கிறார்கள். வசனத்துக்கு வசனம் என்று பேச்சு நீளும், முடிவு வராது. அதனால் முக்கியமான நான்கு மரபுகளையும் ஒரே ஆளிடம் கொண்டுபோய் நிறுத்திப் பார்க்கலாம். அந்த ஆள் தாவீது.

2 சாமுவேல் 11 தெரிந்த கதைதான். உரியாவின் மனைவி பத்சேபாளை அழைப்பித்தான். உரியாவைக் கொல்லச் சொல்லிப் படைத்தலைவன் யோவாபுக்கு எழுதிய நிருபத்தை உரியாவின் கையிலேயே கொடுத்தனுப்பினான். தீர்க்கதரிசி நாத்தான் வந்து அவனைக் கண்டித்தபோது பிள்ளை பிறந்தாயிற்று. அப்படியானால் பல மாதங்கள் மனந்திரும்பாமலே சிங்காசனத்தில் உட்கார்ந்திருக்கிறான். அந்த மாதங்களில் அவன் செத்திருந்தால்?

சீர்திருத்த மரபு, அதாவது 16ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதி கால்வினின் வழி வந்தவர்கள், 1618-19இல் நெதர்லாந்தின் டார்ட் நகரில் கூடிய சங்கத்தில் இதற்குப் பதில் எழுதி வைத்தார்கள். அதன் ஐந்தாம் பகுதி தாவீதையும் பேதுருவையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. இப்படி விழுகிறவர்கள் தேவனுக்குக் கோபமூட்டுகிறார்கள், ஆவியானவரைத் துக்கப்படுத்துகிறார்கள், தங்கள் மனச்சாட்சியைக் காயப்படுத்துகிறார்கள், சிலவேளை கிருபையின் உணர்வையே சில காலம் இழக்கிறார்கள். ஆனாலும் மறுபிறப்பின் வித்து அவர்களுக்குள் அழிவதில்லை. தேவன் அவர்களை நிச்சயமாக மனந்திரும்பப் பண்ணுவார். ஆக, தாவீது அந்த நிலையில் செத்திருக்க முடியாது என்பதே இவர்களுடைய பதில். நாத்தானை அனுப்பியதே அந்தப் பாதுகாப்பு வேலை செய்ததற்கு அடையாளம்.

நம் கூட்டங்களில் அடிக்கடி கேட்கும் "ஒருமுறை இரட்சிக்கப்பட்டால் எப்போதும் இரட்சிப்பு" என்பதைப் பலர் இதோடு சேர்த்துவிடுகிறார்கள். இரண்டும் ஒன்றல்ல. என்றோ ஒரு கூட்டத்தில் கையுயர்த்தி ஜெபித்தவன், அதன்பின் எப்படி வாழ்ந்தாலும் பரலோகம் உறுதி என்று டார்ட் சொல்லவே இல்லை. பரிசுத்தவான்கள் நிலைத்திருப்பார்கள் என்றுதான் சொன்னது. கடைசிவரை திரும்பாமல் போனவனைப் பார்த்து, 1 யோவான் 2:19ஐக் காட்டி, அவன் தொடக்கத்திலேயே நம்முடையவனாக இருக்கவில்லை என்பார்கள். கையுயர்த்தியதையே உத்தரவாதமாகக் கொடுக்கும் பிரசங்கம் ஆத்துமாக்களுக்கு ஆபத்தானது என்று நான் உறுதியாக நம்புகிறேன். எபிரெயர் நிருபம் யாரை எச்சரிக்கிறதோ, அவர்களையே அது தூங்கவைக்கிறது.

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி வேறு பக்கம் நின்றார். கால்வின் வழியினரின் போதனையை மறுத்த டச்சு இறையியலாளர் அர்மீனியஸின் சீடர்கள் 1610இல் கொடுத்த அறிக்கையில்கூட இந்தக் கேள்வியை முடிக்காமல், வேதத்திலிருந்து இன்னும் ஆராய வேண்டும் என்றே விட்டிருந்தார்கள். வெஸ்லி அப்படி விடவில்லை. மெய்யாகவே தேவனால் பிறந்தவனும் விழுந்து கெட்டுப்போகலாம் என்றார். தாவீதின் விழுகையை ஒரு பிரசங்கத்தில் படிப்படியாகப் பிரித்துக் காட்டுகிறார்: முதலில் சோதனை, ஆவியானவரின் எச்சரிப்பு, அதற்குச் செவிகொடாமை, உள்ளே ஆசை பற்றுதல், விசுவாசம் மறைதல், அதன்பிறகே வெளியே பாவம். மாடியில் உலாவிய அந்தச் சாயங்காலத்தை இவ்வளவு கூர்மையாகப் பார்த்தவர்கள் குறைவு. ஆனால் விழுந்தவன் திரும்பலாம் என்பதையும் அதே அழுத்தத்தோடு சொன்னார். பெந்தெகொஸ்தே சபைகளில் பெரும்பாலானவையும் இரட்சணிய சேனையும் இந்த வழியில்தான் போதிக்கின்றன.

கத்தோலிக்கத் திருச்சபையின் பதில் நேரானது. திரிதெந்து பொதுச்சங்கம் 1547இல் சொன்னபடி, ஒவ்வொரு சாவான பாவத்தாலும், அதாவது தெரிந்தே செய்யும் கனத்த பாவத்தாலும், அருள் இழக்கப்படுகிறது, விசுவாசம் இழக்கப்படாவிட்டாலும்கூட. இழந்ததைத் திரும்பப் பெற, குருவிடம் பாவத்தை அறிக்கையிடும் ஒப்புரவு அருளடையாளம் உண்டு. உடைந்த கப்பலுக்குப்பின் பற்றிக்கொள்ளும் இரண்டாவது பலகை என்று அதைச் சங்கம் அழைக்கிறது. தான் அருள்நிலையில் இருப்பதை எவரும் தவறவே முடியாத உறுதியோடு அறிய முடியாது என்பதும் அதே சங்கத்தின் போதனை. பாவத்தின் கனத்தை இந்த மரபு குறைப்பதில்லை. ஆனால் மரணப்படுக்கையில் "எனக்கு நிச்சயம் உண்டா?" என்று கேட்கிறவருக்கு நம்பிக்கை கொள்ளச் சொல்லலாம், நிச்சயம் என்று சொல்ல அதனால் முடியாது.

லூத்தர் 1537இல் ஸ்மால்கால்ட் கட்டுரைகள் என்ற தம் விசுவாச அறிக்கையில் தாவீதையே எடுத்துக்கொண்டார். விபசாரத்திலும் கொலையிலும் விழுந்தபோது விசுவாசமும் பரிசுத்த ஆவியும் அவனைவிட்டுப் போய்விட்டன என்று எழுதினார். இதைப் படித்தால் வெஸ்லியோடு சேர்த்துவிடத் தோன்றும். ஆனால் இரட்சிப்புக்கென்று தேவனால் தெரிந்துகொள்ளப்பட்டவர்களைத் தேவன் கைவிடார் என்பதையும் லூத்தரன் அறிக்கைகள் குறையாமல் போதிக்கின்றன. இரண்டையும் ஒரே சூத்திரத்தில் அடைக்க அவர்கள் முயலவில்லை. நிர்விசாரமாக இருக்கிறவனுக்கு எச்சரிப்பையும், நொறுங்கினவனுக்கு வாக்குத்தத்தத்தையும் கொடுக்கிறார்கள்.

என் மனம் இந்தக் கடைசிப் பதிலின் பக்கமே சாய்கிறது. டார்ட்டின் விளக்கம் அழகாகக் கட்டப்பட்டது. ஆனால் "உமது பரிசுத்த ஆவியை என்னிடத்திலிருந்து எடுத்துக்கொள்ளாமலும்" என்று சங்கீதம் 51இல் தாவீது கெஞ்சுவதற்கு அதில் முழு இடம் இல்லை. எபிரெயர் 6இல் உள்ளவர்கள் உண்மையில் மறுபடியும் பிறக்காதவர்கள் என்ற விளக்கமும், "பரம ஈவை ருசிபார்த்தும்" என்ற சொற்களுக்கு முன் இளைத்துப்போகிறது. வெஸ்லியின் வழியில் வேறு சுமை. மனச்சாட்சி மெல்லியவர்கள் ஒவ்வொரு இரவும் தங்கள் இரட்சிப்பை எண்ணிப் பார்த்துப் பயந்தே வாழ நேரிடும். அவர் விரும்பியது அதுவல்ல, ஆனால் பல வீடுகளில் நடப்பது அதுதான்.

தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு இது தூரதேசத்துச் சண்டை அல்ல. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த மிஷனரிகள் லூத்தரன்கள். யாழ்ப்பாணத்தில் வெஸ்லியின் மிஷனும், சீர்திருத்த மரபில் வந்த அமெரிக்க மிஷனும் ஏறக்குறைய ஒரே காலத்தில் வேலை தொடங்கின. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிடேரியன், காங்கிரிகேஷனல் மரபுகள் 1947இல் தென்னிந்தியத் திருச்சபையாக ஒன்றானபோது இந்தக் கேள்வியும் கூடவே உள்ளே வந்தது. ஒரே பீடத்திலிருந்து அடுத்தடுத்த ஆயர்கள் வெவ்வேறு பதில் சொல்வதைச் சபையார் கேட்டுக் குழம்புவதற்கு இது ஒரு காரணம்.

எபிரெயர் 6ஐப் படித்துவிட்டு "நான் மறுதலித்துப்போனேனோ" என்று அஞ்சுகிறவரிடம் நால்வரும் ஏறக்குறைய ஒரே வார்த்தையைத்தான் சொல்கிறார்கள்: திரும்பி வர ஏங்குகிறவர் அந்த வசனத்தில் சொல்லப்பட்டவர் அல்ல. அவர் முதலில் கேட்க வேண்டியது, தாவீது ஒரே வரியில் பாவத்தை அறிக்கையிட்டதும் நாத்தான் காத்திருக்காமல் சொன்ன பதில்: "நீ சாகாதபடிக்கு, கர்த்தர் உன் பாவம் நீங்கச்செய்தார்."