மெழுகு பிளாக்கில் டிபி பி.சி.ஆர்.: வேலூர் லேப் ஒன்றின் விமர்சனம்

குடியாத்தத்தில் இருக்கும் சித்தப்பாவுக்குக் கழுத்தில் கட்டி. இருமல் இல்லை, சளி இல்லை, எக்ஸ்ரேயும் சுத்தம். ஆபரேஷன் பண்ணிய தனியார் மருத்துவமனையில், எடுத்த சதை முழுவதையும் அழுகாமல் காக்கும் ஃபார்மலின் திரவ டப்பாவில் போட்டுவிட்டார்கள். பயாப்சியில் கிரானுலோமா (அழற்சி செல்கள் திரண்ட சின்ன முடிச்சு), டிபியாக இருக்கலாம் என்று வந்தது. ஆனால் கிரானுலோமா டிபியில் மட்டும் வருவதில்லை, சார்காய்டோசிஸ் என்ற அழற்சி நோயிலும் காளான் தொற்றிலும்கூட வரும். கிருமிக்கான சாயச் சோதனையிலும் ஒன்றும் தெரியவில்லை. சரி, கல்ச்சர் வைக்கலாம் என்றால் ஃபார்மலினில் கிருமி செத்துப்போயிருக்கும், அப்புறம் எதை வளர்ப்பது? மிச்சம் இருந்தது மெழுகில் பதித்த பிளாக் மட்டும்தான். அதில் பி.சி.ஆர்., அதாவது கிருமியின் டி.என்.ஏ.வைத் தேடும் டெஸ்ட், பார்க்கச் சொல்லி டாக்டர் எழுதிக்கொடுத்தார், ஆற்காடு ரோடு பக்கம் ஒரு லேபுக்குப் போனோம்.

அக்னி நட்சத்திர வெயிலில் மெழுகு உருகிவிடுமோ என்று சித்திக்கு வழியெல்லாம் கவலை. பாரஃபின் உருக 55, 60 டிகிரி வேண்டும், வேலூர் இன்னும் அந்த அளவுக்குப் போகவில்லை.

முதலில் குறை. கவுன்டரில் இருந்த பெண்ணுக்கு பிளாக் என்றால் என்னவென்றே தெரியவில்லை, ரத்தம் எடுக்கிற இடத்தில் போய் உட்காரச் சொன்னார். படிவம் ஆங்கிலத்தில், இந்தியில், பெங்காலியில் இருக்கிறது, தமிழில் இல்லை. வெளியூர்க்காரர்கள் நிறைய வருகிற ரோடுதான், அதற்காக குடியாத்தத்துக்காரர் எங்கே போவார்?

உள்ளே போனதும் கதையே வேறு. டெக்னீஷியன் அக்கா பிளாக்கை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, சதை போதுமான அளவு இருக்கிறது என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் பேசவே ஆரம்பித்தார். மைக்ரோடோம் என்ற சீவும் கருவியில் 10 மைக்ரான் கனத்தில் சீவினால் மரச்சீவல் மாதிரி சுருண்டு வருகிறது, அதை சைலீன் என்ற கரைப்பானில் போட்டு மெழுகைக் கரைத்து, என்சைம் ஊற்றிச் சதையைக் கரைத்து டி.என்.ஏ.வை எடுக்கிறார்கள். ஒவ்வொரு பிளாக்குக்கும் பிளேடை மாற்றுகிறார், ஏனென்றால் முந்தின ஆளின் துணுக்கு கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் இல்லாத டிபி இருப்பதாக வந்துவிடும்.

நான் நாலு ஸ்டார் கொடுப்பது இதற்காக: பில் போடும் முன்பே இந்த டெஸ்டின் ஓட்டைகளையும் அந்த அக்காவே சொல்லிவிட்டார். ஃபார்மலின் டி.என்.ஏ.வைத் துண்டு துண்டாக்கிவிடும், அதனால் குட்டித் துண்டாகத் தேடினால்தான் கிடைக்கும், அப்படியும் சில சமயம் அகப்படாது. நெகட்டிவ் வந்தால் டிபி இல்லை என்று அர்த்தம் இல்லை. இன்னொன்று எனக்குப் புதுசு. டிபி கிருமியின் டி.என்.ஏ.வில் உலகம் முழுக்க அதிகம் தேடப்படுவது ஐஎஸ்6110 என்ற பகுதி, பல பிரதிகள் இருந்தால் சுலபமாக அகப்படும், ஆனால் தென்னிந்தியாவில் கிடைக்கும் டிபி கிருமிகளில் சிலவற்றில் அது ஒரே ஒரு பிரதிதான் இருக்கும், சிலவற்றில் இருக்கவே இருக்காது. அதனால் இங்கே எம்பிபி64 என்ற இன்னொரு ஜீனையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். நீங்கள் எந்த லேபுக்குப் போனாலும் இதைக் கேட்டுவிடுங்கள். முன்னால் டிபி வந்ததுண்டா என்றும் சித்தப்பாவைக் கேட்டார், செத்த கிருமியின் டி.என்.ஏ.வும் பாசிட்டிவ் காட்டுமாம்.

ரிப்போர்ட் சொன்ன நாளில் வந்தது, பாசிட்டிவ். ரிஃபாம்பிசின் என்ற முக்கிய டிபி மருந்துக்குக் கிருமி கட்டுப்படுமா என்பது இதில் தெரியாது என்று கீழே எழுதியிருந்தார்கள், ஆனால் எழுத்து எறும்பு சைஸ். ஃபார்மலினில் போடாத புது சதையாக இருந்திருந்தால் அரசாங்கத்தின் சிபிநாட் என்ற டிபி டெஸ்டில் காசே இல்லாமல் இரண்டு மணி நேரத்தில் அதுவும் தெரிந்திருக்கும் என்பதுதான் வயிற்றெரிச்சல். ஆபரேஷனுக்கு முன்பே டாக்டரிடம் ஒரு துண்டை சலைனில் (உப்புநீரில்) தனியாக வைக்கச் சொல்லிவிட்டால் இந்தச் செலவே இல்லை. வைக்காமல் போனவர்கள் இந்த லேபுக்குத் தாராளமாகப் போகலாம்.

சித்தப்பாவுக்கு ஆறு மாத மாத்திரை தொடங்கியாயிற்று, அரசாங்கத்தின் டிபி பதிவேடான நிக்‌ஷயிலும் பதிவாகிவிட்டது. பிளாக்கை மட்டும் மறக்காமல் திருப்பிக் கேளுங்கள், அவர்களாகத் தரமாட்டார்கள். கவுன்டரில் கேட்டால் மறுபடியும் ரத்தம் எடுக்க உட்காரச் சொல்வார்கள், நேராக உள்ளே போய்விடுங்கள்.