மதுரைக்கு மூன்று வழி: ஹெக்ஸ்கிராலா, பாயிண்ட்கிராலா?

எங்கள் மொட்டைமாடி ஆட்டத்தின் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை அது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வகைக் கதையாட்டம்: நான் உலகத்தை விவரிப்பேன், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக ஆடுவார்கள், சந்தேகம் வந்தால் பகடை முடிவு செய்யும். நான்கு ஆட்டக்காரர்கள், ஒரு காடு, நான் வரைந்த அறுகோணக் கட்டத் தாள். (அதைப் பிரதி எடுக்கப் போனபோது ஜெராக்ஸ் கடைக்காரர், "கெமிஸ்ட்ரி ரெக்கார்டா தம்பி?" என்று கேட்டார்.) "அடுத்து எந்தக் கட்டத்துக்குப் போறீங்க?" என்றேன். ரேஞ்சராக, அதாவது காடறிந்த வழிகாட்டியாக, ஆடும் அத்தை மகன் தாளைப் பார்க்கக்கூட இல்லை. "எதுல போனாலும் மரம்தானே மாப்ளே, நீயே ஒன்னு சொல்லு" என்றான்.

கோபம் வந்தது. ஆனால் அவன் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. காட்டுப் பயணத்தை நடத்த வேறு என்னென்ன முறைகள் உண்டு என்று அதற்கப்புறம்தான் ஒவ்வொன்றாக ஆடிப் பார்த்தோம்.

முதலில் ஹெக்ஸ்கிரால், அதாவது அறுகோணக் கட்டம் கட்டமாக நகர்வது. இதுதான் மூத்தது. 1974-இல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் மூன்றாவது சிறுநூலிலேயே இருக்கிறது. அந்நூல் காட்டுக்கெனத் தனி வரைபடம் தரவில்லை. அவலான் ஹில் நிறுவனம் 1972-இல் வெளியிட்ட அவுட்டோர் சர்வைவல் என்ற வேறொரு பலகை ஆட்டத்தின் அறுகோணப் பலகையை எடுத்து விரிக்கச் சொன்னது. அதில் வரைந்திருக்கும் நீர்த்தேக்கங்களைக் கோட்டைகள் என்றும் கட்டடங்களை ஊர்கள் என்றும் வைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். ஊருணியைக் கோட்டையாக்கிப் பிறந்த ஆட்டம் இது என்று எங்கள் ஆட்களிடம் சொன்னால் சிரிக்கிறார்கள்.

முறை இதுதான். நிலம் முழுவதும் கட்டம். பல ஆட்டங்களில் ஒரு கட்டத்தின் குறுக்களவு 6 மைல். சமவெளியில் ஒரு நாளைக்கு 24 மைல் நடக்கலாம், அதாவது நான்கு கட்டம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 1981 எக்ஸ்பர்ட் விதிநூலில் காடும் குன்றும் வந்தால் இது மூன்றில் இரண்டு பங்காகக் குறையும், பெருமலையும் சதுப்பும் என்றால் பாதியாகும். வழி தவறவும் பகடை உண்டு. வெட்டவெளியில் ஆறில் ஒரு வாய்ப்பு, காட்டில் ஆறில் இரண்டு, பாலைவனத்திலும் சதுப்பிலும் ஆறில் மூன்று. சாலையில் போகிறவர்கள் தவறுவதில்லை.

தவறியது ஆட்டக்காரர்களுக்குத் தெரியாது என்பதுதான் இதன் ருசி. நான் மறைவாக உருட்டுவேன். அவர்கள் மேற்கே போவதாக நினைத்து வடமேற்கே போவார்கள். இரண்டு நாள் கழித்து ஆறு வரவேண்டிய இடத்தில் பாறை வரும்போது அந்த நான்கு முகங்களையும் பார்க்கவேண்டும். இதை வேறு எந்த முறையும் இவ்வளவு நன்றாகத் தருவதில்லை.

ஆனால் கட்டங்களை நிரப்பவேண்டுமே. பத்துக்குப் பத்து என்றால் நூறு. நான் இருபத்தைந்தோடு சோர்ந்துவிட்டேன். மிச்சக் கட்டங்களில் "மரங்கள், பறவைச் சத்தம்" என்று சமாளித்ததைத்தான் அத்தை மகன் கண்டுபிடித்தான். போதாததற்கு அதே ஆட்டத்தின் 2014 விதிகளில் ரேஞ்சர் தனக்குப் பழகிய நிலத்தில் கூட்டத்தையே வழி தவறவிட மாட்டார், மந்திரம் குறுக்கிட்டால் ஒழிய. ட்ரூயிட் என்ற இயற்கை மந்திரவாதியின் குட்பெர்ரி மந்திரம் பத்துப் பழம் வரை தரும், ஒரு பழம் ஒருவருக்கு ஒரு நாள் சாப்பாடு. வழியும் தெரியும், வயிறும் நிறையும் என்றால் அது காடா, பூங்காவா?

கட்டத்தைக் காப்பாற்ற ஒரே மருந்து, தூரத்தில் தெரியும் அடையாளங்கள். மதுரைக்காரனுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒத்தக்கடைப் பக்கம் யாரும் திசை கேட்பதில்லை, யானைமலை இருக்கிறது. நாகமலை மேற்கே நீண்டு படுத்திருக்கிறது, வடக்கே அழகர்மலை. ஒவ்வொரு கட்டத்திலிருந்தும் இப்படி ஒரு மலையோ புகையோ அருவிச் சத்தமோ தெரிந்தால் "எந்தப் பக்கம்?" என்ற கேள்விக்குப் பொருள் வரும். இதை நான் தாமதமாகத்தான் கற்றேன்.

அடுத்து பாயிண்ட்கிரால். கட்டம் கிடையாது. முக்கியமான இடங்கள் புள்ளிகள், அவற்றை இணைக்கும் பாதைகள் கோடுகள். டவுன் பஸ் ரூட் மாதிரி. பத்துப் பன்னிரண்டு புள்ளி எழுதினால் இரண்டு மாதத்துக்குத் தாங்கும்.

இதற்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த மாதிரி எந்த விதிநூலிலும் இல்லை, சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதையில் இருக்கிறது. கோவலன், கண்ணகி, கவுந்தியடிகள் மூவரும் மதுரைக்கு வருகிறார்கள். மாங்காட்டு மறையவன் ஒருவன் எதிர்ப்பட்டு, கொடும்பாளூர்க் குளக்கரையைத் தாண்டினால் பாதை சூலம் போல் மூன்றாகப் பிரியும் என்கிறான். வலப்பக்கம் போனால் மரங்கள் காய்ந்த காடு, தண்ணீருக்கு ஏங்கிக் கத்தும் மான்கள், எயினர் என்ற வேடர்களின் நிலம். தாண்டிவிட்டால் வாழையும் பலாவும் செழித்த சிறுமலை. (சிறுமலை வாழைப்பழத்துக்கு இன்றைக்கும் தனி மவுசுதான்.) இடப்பக்கம் வயலும் சோலையும் கடந்து திருமால்குன்றம், அதாவது நம் அழகர்மலை. அங்கே ஒரு பிலம் (குகை), அதற்குள் மூன்று பொய்கை. நடுவழிதான் நேர்வழி. ஊர்களுக்கு இடையே காடுகள். ஆனால் அங்கே ஒரு தெய்வம் இனிமையாகத் தோன்றி, துன்பம் எதுவும் செய்யாமலே போகிறவர்களைத் தடுக்கும்.

ஒரு வழியில் தாகம், ஒரு வழியில் ஆசை, ஒரு வழியில் மயக்கம். ஒன்றை எடுத்தால் மற்ற இரண்டும் போச்சு. என் நூறு கட்டத்தில் இல்லாதது இதுதான்: போகும் முன்பே யாரோ சொல்லியிருக்கிறார்கள். மறையவன் வாயைத் திறக்காவிட்டால் அந்த மூன்று வழியும் அத்தை மகன் சொன்னதுபோல வெறும் மரம்தான்.

இதே பயணத்தைக் கட்டத்தில் போட்டும் பார்த்தேன். கொடும்பாளூரிலிருந்து மதுரை இன்றைய சாலைக்கு ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். பத்துக் கட்டம், இரண்டரை நாள், நிறைய பகடை. மூன்று வழிக்கும் இடையே வித்தியாசமே தெரியவில்லை.

பாயிண்ட்கிராலைத் தண்டவாளம் என்று குறை சொல்கிறவர்கள் உண்டு. போட்ட பாதையை விட்டு இறங்க முடியாதாம். இறங்கட்டுமே, ஒரு பொழுது கூடுதலாகச் செலவாகும் என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. உண்மையான குறை வேறு: இதில் தொலைந்துபோக முடியாது. அந்த நான்கு முகங்கள் இங்கே கிடைக்காது.

மூன்றாவது, பயணத்தையே சில பகடைகளாகச் சுருக்கும் முறை. 2011-இல் வந்த தி ஒன் ரிங் ஆட்டம் இதற்கு நல்ல உதாரணம். வழிகாட்டி, முன்னோடி, வேட்டைக்காரர், காவலர் என்று ஆளுக்கொரு பொறுப்பு கொடுத்துவிடும். சீக்கிரம் முடியும், எல்லோருக்கும் வேலை இருக்கும். போகிற இடம்தான் கதை என்றால் இது போதும். எங்களுக்குக் காடே கதை என்பதால் இரண்டு வாரத்தில் விட்டுவிட்டோம்.

2018-இன் ஃபர்பிடன் லேண்ட்ஸ் என்ற ஆட்டம் ஒரு நாளை நான்கு கூறாக்குகிறது. எனக்கு நம் ஆறு சிறுபொழுதுகள் இன்னும் வசதி. ஒரு பொழுது பத்து நாழிகை, அதாவது நான்கு மணிநேரம். மணிக்கு 3 மைல் நடையில் ஒரு பொழுதுக்குச் சரியாக இரண்டு கட்டம். நண்பகலில் நடந்தால் தண்ணீர் இரட்டிப்பாகச் செலவாகும் என்று விதி போட்டேன். சித்திரை வெயில் தெரிந்த ஊரில் இதற்கு விளக்கம் கேட்க ஆளில்லை.

சரி, எது? ஆள் வரத்து ஒழுங்கில்லாத குழு என்றால் ஹெக்ஸ்கிரால்தான். வந்தவர்கள் சேர்ந்து கிளம்பி, மாலைக்குள் ஊர் திரும்பிவிடலாம். பென் ராபின்ஸ் என்பவர் நடத்திய வெஸ்ட் மார்ச்சஸ் ஆட்டத்திலும் வந்தவர்கள் இப்படித்தான் கிளம்பி ஊர் திரும்பினார்கள். ஷிஃப்ட் வேலை பார்க்கிறவர்களுக்குப் பொருந்தும். எங்களைப் போல அதே நான்கு பேர், மூன்று மணிநேரம், போய்ச்சேர ஓர் ஊர் என்றால் என் ஓட்டு பாயிண்ட்கிராலுக்கு. அதிலும் ஒரே ஒரு பாதையை மட்டும் வழியில்லாத காடாக விட்டு, அங்கே கட்டத்தாளை விரிப்பேன். அத்தை மகன் அதைத் திருட்டுத்தனம் என்கிறான்.

போன ஞாயிறு அந்த மூன்று வழியையும் அவர்கள்முன் வைத்தேன். நாற்பது நிமிடம் சண்டை. ரேஞ்சருக்குச் சிறுமலை, மற்ற மூவருக்கும் பொய்கை. கடைசியில் இடப்பக்கம் திரும்பினார்கள். பிலத்தின் கதவருகே வரோத்தமை என்றொருத்தி நின்று கேட்கிறாள்: இம்மையில் இன்பம் எது, மறுமையில் இன்பம் எது, இரண்டும் இல்லாமல் நிலைத்து நிற்பது எது? உள்ளே இன்னொருத்தியும் கேள்வியோடு காத்திருக்கிறாள். அவளுக்குப் பதில் தெரியாவிட்டால் சாவெல்லாம் இல்லை, பழைய நெடுவழியிலேயே கொண்டுபோய் விட்டுவிடுவாள். இளங்கோவின் விதி அது, நான் கைவைக்கவில்லை. நான்கு பேரும் இன்னும் வரோத்தமையின் கேள்விகளிலேயே நிற்கிறார்கள். புதன்கிழமை இரவு பதினொரு மணிக்கு அத்தை மகன் போன் பண்ணி, "மாப்ளே, அந்த ரெண்டாவதுக்கு ஒரு க்ளூ குடுடா" என்றான்.