மண்டியை இறுப்பதா, விட்டுவைப்பதா?

சேலத்தில் எங்கள் வீட்டிலும் ஏற்காட்டில் அக்கா வீட்டிலும் இஞ்சி பீருக்கு ஒரே கணக்குதான். ஒரு லிட்டர் தண்ணீர், 100 கிராம் சர்க்கரை, கைப்பிடி இஞ்சி, ஒரு எலுமிச்சை, ஒரு சிட்டிகை ஈஸ்ட். அடியில் தங்கும் மண்டியை என்ன செய்வது என்பதில்தான் எங்களுக்குள் ஒத்துப்போகாது. அக்கா தொடவே மாட்டார். நான் குழாய் போட்டுத் தெளிவை மட்டும் வேறு பாட்டிலுக்கு இறுத்துவிடுவேன்.

முளைகட்டிய தானியத்தில் காய்ச்சும் மால்ட் பீர் பற்றியும், அதைக் காய்ச்சுபவர்களுக்குள் இதே வாக்குவாதம் உண்டு. (தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் அதைக் காய்ச்ச 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் இடம் தராது, நாங்கள் போடுவது சீக்கிரமே ஃபிரிட்ஜுக்குப் போகும் இஞ்சி பீர் மட்டும். இதிலும் லேசாக ஆல்கஹால் ஊறும் என்பதால் பிள்ளைகளுக்குத் தருவதில்லை.) பீர் மண்டியில் ஈஸ்ட்டோடு திரிந்த புரதமும், கசப்புக்குப் போடும் ஹாப்ஸ் பூவின் துகளும் கிடக்கும். செத்த ஈஸ்ட் சிதைந்தால் இறைச்சி வேகவைத்த நீர்போல, சில நேரம் ரப்பர்போல வாடை வரும். அதனால் ஒரு வாரத்தில் மாற்றிவிடு என்பது பழைய பாடம். ஆலைகளின் பெரிய தொட்டியில், சூட்டிலும் எடையிலும் நசுங்கும் ஈஸ்ட்டுக்கு அந்தப் பயம் நியாயம். வீட்டுச் சிறு பாத்திரத்தில் மூன்று நான்கு வாரம் விட்டாலும் பெரிதாகக் கெடுவதில்லை என்று இப்போது பலர் விட்டுவிடுகிறார்கள்.

ஆனால் சூடு கூடினால் சிதைவும் வேகமாகும். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சேலத்தில் சித்திரை வெயில் 40 டிகிரியை நெருங்கும். அக்காவின் பொறுமைக்கு மலைக்குளிர் துணை நிற்கிறது. எனக்கு அது இல்லை.

சரி, என் முறை மட்டும் குறையில்லாததா? தெளிந்த பிறகு இறுத்தால் ஈஸ்ட்டில் பெரும்பகுதி பழைய பாத்திரத்திலேயே தங்கிவிடும். புது பாட்டிலில் நுரை கட்ட நாளாகும். குழாய் சுத்தமாக இல்லாவிட்டால் புளிப்பும் ஏறும். இரண்டு தடவை அப்படிப் புளித்து, முழுவதையும் கொட்டியிருக்கிறேன்.

எனக்கு விடை கிடைத்தது சேகோ ஆலை வேலையை நினைத்தபோதுதான். மரவள்ளிக் கிழங்கை அரைத்த பாலைத் தொட்டியில் தெளியவிட்டு, மேல்நீரை வடித்து, அடியில் இறுகும் மாவைத்தானே ஜவ்வரிசி ஆக்குகிறார்கள்? துருவிய இஞ்சிச் சாறிலும் அதேபோல வெள்ளை மாவு படிகிறது. அதாவது நாங்கள் மண்டி என்று ஒரே பேரில் சொன்னது இரண்டு. கீழே இஞ்சி மாவு, அதன்மேல் வெளிர்பழுப்பு ஈஸ்ட். நாக்கில் நறநறப்பதும் பானத்தைக் கலக்குவதும் பெரும்பாலும் மாவுதான். நுரை தருவது ஈஸ்ட்.

எனவே என் தீர்ப்பு: மாவை இறுத்து நீக்கிவிடலாம், ஈஸ்ட்டை விட்டுவைக்கலாம். சாறை அரை மணி நேரம் அசைக்காமல் வைத்து, கொதிக்கவிடும் முன்பே இறுத்துவிட வேண்டும். மாவோடு கொதித்தால் கஞ்சியாகிவிடும், அப்புறம் தெளியாது. ஆறியதும் ஈஸ்ட் போட்டபின் குழாயைத் தொடவே வேண்டாம். சேலத்தில் ஒரு நாள், ஏற்காட்டில் மூன்று நாள் போதுகிறது. பிளாஸ்டிக் பாட்டில்தான் நல்லது. அமுக்கினால் கல்போல் இருந்தால் உடனே ஃபிரிட்ஜில் வைக்கவும். கண்ணாடி பாட்டில் எங்கள் ஊர்ச் சூட்டில் வெடிக்கும். குளிரில் ஈஸ்ட் அடங்கிவிடும், ஆனாலும் ரொட்டி ஈஸ்ட்டின் மண்டி தளர்வானது; சாய்த்த பாட்டிலை நிமிர்த்தாமல் ஒரே ஊற்றில் டம்ளர்களை நிரப்பினால் கலங்காது.

மிஞ்சும் ஈஸ்ட் மண்டியைக் கொட்ட எனக்கு மனம் வராது. பீர் ஈஸ்ட்டிலிருந்து எடுத்த மார்மைட்டைக் கொடுத்துத்தான் பம்பாயில் கர்ப்பிணிகளின் இரத்தசோகையை ஆங்கிலேய மருத்துவர் லூசி வில்ஸ் குணப்படுத்தி, 1931இல் எழுதினார். அடுத்த தடவைக்கு ஒரு கரண்டி எடுத்து வைத்துவிட்டு மீதியை ஆப்ப மாவில் கலக்கிறேன். கள் விட்ட ஆப்பம்போல ஓரம் மொறுமொறுப்பாக, நடுவில் பொத்தல் பொத்தலாக வருகிறது. போன வாரம் அக்காவும் சாறை இறுத்துவிட்டுத்தான் அடுப்பில் வைத்தார்.