மூவெட் டியூஷனுக்குக் காசு கட்டுமுன் பயிற்சித்தாளை வாங்கிப் பாருங்கள்

பெஸ்தாரி ஜெயா, ஈஜோக், கோலா சிலாங்கூர் பக்கம் ஆறாம் படிவத்தில் பிள்ளை படிக்கிற பெற்றோர் கொஞ்சம் நேரம் ஒதுக்கி இதைப் படியுங்கள். மலேசிய அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் சேர எழுதும் ஆங்கிலத் தேர்வான மூவெட்டுக்குத் தயார்ப்படுத்துகிறோம் என்று சொன்ன ஒரு டியூஷன் சென்டரில் 1,350 வெள்ளி (ரிங்கிட்) கட்டி ஏமாந்தோம். காசு போனது ஒரு பக்கம். என் மகன் சரியாக எழுதிய விடைகளைத் தப்பு என்று திருத்தி, அவனுக்குத் தெரிந்த ஆங்கிலத்தையும் குழப்பிவிட்டார்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

என் வீட்டுக்காரர் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். நான் தொழிற்சாலைக்குப் போகிறேன். 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆன பிறகுதான் பிள்ளைக்கு டியூஷன் என்று நினைக்கவே தைரியம் வந்தது. ஆறாம் படிவ முடிவில் எழுதும் எஸ்.டி.பி.எம் தேர்வை முடித்து அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்கு மனுப் போட மூவெட் முடிவும் வேண்டும். படிப்புக்குப் படிப்பு கேட்கிற பேண்ட், அதாவது மூவெட்டில் எடுக்க வேண்டிய நிலை, மாறும். தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்த பிள்ளை, வீட்டில் பேச்சு முழுக்கத் தமிழ். ஆங்கிலம்தான் காலை வாரிவிடுமோ என்ற பயம் எங்களுக்கு எப்போதும் உண்டு. அந்தப் பயத்தைத் தெரிந்துதான் பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் நோட்டீஸ் கொடுத்தார்கள்.

"பேண்ட் 4 கேரண்டி. வராவிட்டால் காசு வாபஸ்" என்று அதில் இருந்தது. கடைவீட்டு மாடி, ஏர்கண்ட், சுவரெல்லாம் பட்டமளிப்புப் படங்கள். "அக்கா, நம்ம பிள்ளைங்க முன்னுக்கு வரணும்னுதான் இதை நடத்துறோம்" என்று சென்டர்காரர் சொன்னதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. முன்பணம் 350, பிறகு மாதம் 250 வீதம் நான்கு தவணை. ரசீதில் 'மூவெட் பேக்கேஜ்' என்று மட்டும் எழுதிக் கொடுத்தார். கேரண்டி பற்றி ஒரு வார்த்தை இல்லை. அன்றைக்கு நான் அதைக் கவனிக்கவில்லை.

ஏழு மாதம் சனிக்கிழமை தவறாமல் போனான். ஒவ்வொரு வாரமும் ஜெராக்ஸ் எடுத்த தாள்கள், ஓரத்தில் பக்க எண் வெட்டுப்பட்டு, எழுத்து மங்கி வரும். ஒரு வாக்கியத்தை நான்கு துண்டாக வெட்டி, பிழை எந்தத் துண்டில் என்று கேட்கும் கேள்விகள், ஐந்தாவது விடை 'பிழை இல்லை'. கலைத்துப்போட்ட வாக்கியங்களை வரிசைப்படுத்தும் கேள்விகள். கோடிட்ட இடம் நிரப்புவது. பாடம் நடத்தியது யார் என்று கேட்டால், பெரும்பாலும் ஒரு கல்லூரி மாணவர் வந்து விடைத்தாளைப் பார்த்து எழுத்து எழுத்தாக வாசித்துவிட்டுப் போவாராம்.

ஒரு ராத்திரி மகன் கேட்டான், "அம்மா, லாக்னா என்ன? இந்தக் கதையில டூ லாக் டெப்பாசிட்னு இருக்கு." எனக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. ஆனால் அது தெரிந்தது. "லட்சம்டா" என்றேன். சொன்ன பிறகுதான் உறுத்தியது. மலேசியத் தேர்வுத்தாளில் லட்சம் ஏன் வருகிறது? அடுத்த பத்தியில் கோடி, அதற்கடுத்து ரூபாய். தாள்களை எல்லாம் பரப்பிப் பார்த்தோம். வெள்ளி என்ற பேச்சே எங்கும் இல்லை.

அந்தக் கட்டை எடுத்துக்கொண்டு, ஓய்வு பெற்ற ஆங்கில டீச்சர் ஒருவர் வீட்டுக்குப் போனேன். இரண்டு பக்கம் புரட்டியதும் சொன்னார்: "இது இந்தியாவில் வங்கி வேலைக்குப் போட்டித்தேர்வு எழுதுகிற பிள்ளைகள் செய்யும் பயிற்சிமா. அந்தத் தேர்வுக்கு நல்ல பயிற்சி. மூவெட் இப்படி இருக்காது." அப்புறம் திருத்திய தாள்களைப் பார்த்தார். 'மாணவர்களில் ஒருவர் வரவில்லை' என்ற பொருளில் 'ஒன் ஆஃப் தி ஸ்டூடன்ட்ஸ்' என்று தொடங்கும் வாக்கியத்துக்கு என் மகன் 'இஸ்' போட்டிருந்தான். அதன்மேல் சிவப்பு மையில் பெரிய பெருக்கல் குறி, பக்கத்தில் 'ஆர்'. "மாணவர்களில் ஒருவர்தானே வரவில்லை? ஒருவருக்கு 'இஸ்'தான். உன் விடை சரிப்பா" என்றார். அவன் தலை குனிந்தபடி, "நான் அப்பவே நினைச்சேன் டீச்சர். அவங்க தப்புன்னு சொன்னதால அதுக்கப்புறம் எல்லாத்துலயும் 'ஆர்' போட்டேன்" என்றான். அதே மாதிரி தப்பான விடைகள் அந்தக் கட்டில் பதினொன்று இருந்தன.

மூவெட் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. 2021லிருந்து புது அமைப்பு. கேட்டல், பேச்சு, வாசிப்பு, எழுத்து என நான்கு தாள், ஒவ்வொன்றுக்கும் 90 புள்ளி, மொத்தம் 360. வாசிப்பில் 75 நிமிடத்தில் 40 கேள்வி, அத்தனையும் பத்தியைப் படித்துப் புரிந்து விடை சொல்வது. இலக்கணத்துக்கென்று தனிப் பகுதியே கிடையாது. ஏழு மாதத்தில் ஒரு நாள்கூட இவர்கள் காதால் கேட்கும் பயிற்சி கொடுக்கவில்லை, குழுவாக உட்காரவைத்துப் பேசச் சொல்லவில்லை. நான்கில் இரண்டு தாளைத் தொடவே இல்லை!

"இலக்கணம் பொதுதானே அக்கா, எந்தத் தேர்வா இருந்தா என்ன?" என்று பின்னால் அந்தச் சென்டர்காரர் கேட்டார். இது கேட்க நியாயம் போலத் தோன்றும், அதனால் டீச்சர் காட்டியதைச் சொல்லிவிடுகிறேன். வாசிப்புத் தாளில் ஒரு பகுதியில் கட்டுரையிலிருந்து ஆறு வாக்கியங்களை எடுத்துவிட்டு, ஏழு வாக்கியங்களைக் கொடுத்து எது எங்கே பொருந்தும் என்று கேட்பார்கள். டீச்சர் நம் பக்கத்தில் தென்னமரம் என்ற பெயருள்ள தோட்டத்தை வைத்தே ஒரு பத்தி எழுதிக் கொடுத்தார். 1917ல் இந்த நாட்டில் முதன்முதலாக வணிகத்துக்காகச் செம்பனை நட்ட தோட்டம், அதற்குப் பிறகும் பல காலம் ரப்பர்தான் ராஜா என்று போகும் அந்தப் பத்தி. நடுவில் ஒரு வாக்கியம் காலி. என் மகன் 'பாம்' (palm, செம்பனை) என்ற சொல் இருக்கிற வாக்கியத்தைத் தூக்கி அங்கே வைத்தான். "சொல்லைப் பார்த்து ஓடாதே. 'திஸ் நியூ கிராப்' என்று தொடங்குகிற வாக்கியம் இருக்கிறதே, அந்த 'திஸ்' எதைச் சுட்டுகிறது? அடுத்த வரி 'ஹவ்எவர்' என்று ஏன் திரும்புகிறது?" என்று கேட்டார். இலக்கணம் அங்கேதான் வேண்டியிருக்கிறது, ஓடுகிற பத்திக்குள்ளே. வெட்டிப்போட்ட துண்டு வாக்கியத்தில் பிழை தேடிப் பழகிய பிள்ளைக்கு இது வரவே வராது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதற்கென்று பழக வேண்டும், அதற்குத்தான் நாங்கள் காசு கட்டினோம்.

காசைத் திருப்பிக் கேட்டேன். "முடிவு வரட்டும், பிறகு பேசலாம்" என்றார். டியூஷன் சென்டர் என்றால் 1996 கல்விச் சட்டப்படி கல்வி அமைச்சில் பதிந்திருக்க வேண்டும். அந்தச் சான்றிதழைக் காட்டுங்கள் என்றேன். "கணக்கர்கிட்ட இருக்கு" என்றார். மூன்று முறை போனேன், மூன்று முறையும் அதே பதில். தயவுசெய்து நீங்கள் முதல் நாளே கேளுங்கள். கூடவே ஒரு பயிற்சித்தாள் வாங்கி, மலேசியத் தேர்வு மன்றம் வெளியிட்டிருக்கிற மாதிரிக் கேள்வித்தாளோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆங்கிலம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. கேள்விகளின் உருவம் ஒன்றாக இருக்கிறதா என்று கண்ணால் பார்த்தாலே தெரியும். ஆங்கிலம் தெரியாது என்று கூசி நான் அந்தத் தாள்களைத் தொடாமலே இருந்துவிட்டேன்.

இப்போது பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனுப் போட்டிருக்கிறேன். கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் வேண்டியதில்லை, 50,000 வெள்ளி வரை கேட்கலாம். விசாரணை இன்னும் வரவில்லை, அதனால் சென்டரின் பெயரை இங்கே போடவில்லை. அந்த மாடிப்படி ஏறியவர்களுக்கு நான் யாரைச் சொல்கிறேன் என்று தெரியும். உங்களிடம் ரசீதும் ஜெராக்ஸ் தாள்களும் இருந்தால் பழைய பேப்பர்காரனிடம் போட்டுவிடாதீர்கள். சம்பவம் நடந்து மூன்று ஆண்டுக்குள் மனுப் போட முடியும். மனுப் பாரம் நிரப்பத் தெரியாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பூசை முடிந்து மண்டபத்தில் இருப்பேன், தாள்களை எடுத்துக்கொண்டு வாருங்கள், உட்கார்ந்து எழுதுவோம்.